‘சொன்னால் கேட்பதே இல்லை’ என்கிறோமே, எந்தக் கேட்பதைச் சொல்கிறோம்?

கேள்வி சுருக்கமாக இதுதான். பையன் இரண்டாம் வகுப்பு. "கிளாஸ்ல கவனிக்கிறதே இல்லை, சொல்வதை எழுதுதலில் பாதிக்கு மேல் தப்பு" என்கிறார் மிஸ். வீட்டிலும் மூன்று தடவை கூப்பிட்டால்தான் திரும்புகிறான். டிவி மட்டும் நன்றாகக் கேட்கிறது. கேட்கும் திறன் குறைந்தால் படிப்பும் வளர்ச்சியும் பாதிக்குமா, இல்லை இது வெறும் அடம்தானா?

பாதிக்கும். நீங்கள் நினைப்பதைவிட அதிகமாகவே பாதிக்கும். ஆனால் ‘கேட்பது’ என்று எதைச் சொல்கிறோம் என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். தமிழில் இதில் ஒரு வம்பு இருக்கிறது. சத்தம் காதில் விழுவதும் கேட்பதுதான். சொன்னதைப் புரிந்துகொள்வதும் கேட்பதுதான். சொன்னபடி நடப்பதும் கேட்பதுதான். கேள்வி கேட்பதற்கும் அதே சொல். காது பரிசோதனை அறையில் இருபது வருடத்துக்கு மேல் குழந்தைகளோடு உட்கார்ந்திருக்கிறேன். "கேட்க மாட்டேங்கிறான் மேடம்" என்றுதான் பெற்றோர் பேச்சை ஆரம்பிப்பார்கள். அவர்கள் சொல்வது பெரும்பாலும் மூன்றாவது அர்த்தம், கீழ்ப்படிவது. கோளாறு இருப்பது பல நேரம் முதலாவதிலோ இரண்டாவதிலோ. அதனால் அடம் என்ற முடிவுக்குக் கடைசியாக வாருங்கள். முதலில் காது.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு அம்மா ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகளை அழைத்து வந்தார். நோட்டு முழுக்கச் சிவப்பு மை. "திமிரு மேடம், வேற ஒண்ணும் இல்லை. சாக்லேட்னு மெதுவா சொன்னாக்கூட ஓடி வர்றா" என்றார். சத்தம் புகாத அறையில் குழந்தையை உட்கார வைத்து, கையில் ஒரு பாசிமணியைக் கொடுத்தேன். சின்னப் பிள்ளைகளுக்கு விளையாட்டு மாதிரிதான் சோதனை செய்வோம். மணியைக் கன்னத்தோடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும், ‘கூ’ என்று சத்தம் வந்ததும் டப்பாவில் போட வேண்டும். அவள் ரொம்ப ஒழுங்காகச் செய்தாள். சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தேன். 40 டெசிபலுக்குக் (சத்தத்தை அளக்கும் அலகு) கீழே போனதும் மணி கன்னத்திலேயே நின்றுவிட்டது. ஸ்பீக்கரில் சத்தம் வந்துகொண்டுதான் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு அது கேட்டது. குழந்தை மணியைப் பிடித்தபடி, அடுத்த சத்தம் எப்போது வரும் என்று ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மா அதற்கப்புறம் திமிர் என்ற வார்த்தையைச் சொல்லவில்லை.

அவளுக்கு இரண்டு காதிலும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருந்தது. பசை மாதிரிக் கெட்டியான நீராகவும் ஆவதுண்டு. மூக்குக்குப் பின்புறத்திலிருந்து நடுக்காதுக்கு ஒரு சின்னக் குழல் போகிறது. பெரியவர்களுக்கு அது சரிவாக இருக்கும், பிள்ளைகளுக்குக் குட்டையாகவும் கிட்டத்தட்டப் படுக்கையாகவும் இருக்கும். சளி பிடித்தால் சட்டென்று அடைத்துக்கொள்ளும், நடுக்காதில் நீர் தங்கும். பள்ளிக்கூடத்தில் சேரும் வயதுக்குள் பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒரு தடவையாவது இது வந்துபோயிருக்கும். பலருக்கு மூன்று மாதத்துக்குள் தானாகவே வடிந்துவிடும். சிலருக்குத்தான் தங்கிவிடுகிறது, இல்லாவிட்டால் திரும்பத் திரும்ப வருகிறது.

பெரும்பாலும் வலி இருக்காது, சீழ் வராது. வெளியிலிருந்து பார்த்தால் காது சுத்தமாக இருக்கும். கேட்கும் அளவு மட்டும் சுமார் 25 முதல் 30 டெசிபல் குறைந்திருக்கும், சிலருக்கு இன்னும் கூடுதலாக. இரண்டு காதிலும் விரலை விட்டு அடைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுப் பேச்சைக் கேட்டுப் பாருங்கள், கிட்டத்தட்ட அதுதான். போதாததற்கு இது ஏறி இறங்கும். ஒரு வாரம் நன்றாகக் கேட்கும், அடுத்த வாரம் மந்தமாகும். அதனால்தான் "வேணும்னா கேக்குது, வேணாம்னா கேக்கலை" என்ற பேர் இந்தப் பிள்ளைகளுக்குச் சீக்கிரம் வந்துவிடுகிறது. சாக்லேட் என்பது எதிர்பார்க்கிற வார்த்தை, பாதி காதில் விழுந்தாலும் மீதியை மனசே நிரப்பிக்கொள்ளும். டிவியில் படம் இருக்கிறது, போதாததற்கு அதன் சத்தத்தையும் நாம் கூட்டித்தான் வைத்திருக்கிறோம். வகுப்பில் மிஸ் கரும்பலகையைப் பார்த்துத் திரும்பி நின்று சொல்லும் புது வார்த்தைக்கு இந்த இரண்டு உதவியும் கிடையாது.

உங்கள் பையனுக்கும் இதேதான் என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது. ஆனால் சளி அடிக்கடி பிடிக்கிறதா, வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறானா, குறட்டை விடுகிறானா, டிவிக்குப் பக்கத்தில் போய் நிற்கிறானா, "ஆங்?" என்று அடிக்கடி கேட்கிறானா, பேசும்போது உங்கள் வாயையே பார்க்கிறானா என்று ஒரு வாரம் கவனியுங்கள். ஒற்றைக் காது மட்டும் கேட்காத பிள்ளைகளும் உண்டு. அதற்குப் பொன்னுக்கு வீங்கியும் ஒரு காரணம். போனை எப்போதும் ஒரே காதில்தான் வைப்பார்கள், சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியாமல் தலையைத் திருப்பித் தேடுவார்கள். வருடக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் போவது இதுதான்.

அப்புறம், சனிக்கிழமை எண்ணெய்க் குளியலில் காதுக்குள் எண்ணெய் காய்ச்சி ஊற்றுவது, ஊக்கு, கோழி இறகு, பட்ஸ் எல்லாம் விட்டுக் குடைவது இரண்டையும் நிறுத்திவிடுங்கள். செவிப்பறைக்குப் பின்னால் இருக்கும் நீர் எண்ணெய் ஊற்றினால் போகாது. பறையில் ஓட்டை இருந்தால் எண்ணெய் உள்ளே போய்ப் புண்ணாகும். பட்ஸ் அழுக்கை இன்னும் உள்ளே தள்ளிவிடும். பாட்டிகளிடம் இதற்காக நான் வாங்கிய திட்டு கொஞ்சமல்ல.

செய்ய வேண்டியது காது, மூக்கு, தொண்டை மருத்துவரைப் பார்த்து, ஆடியோகிராம், டிம்பனோமெட்ரி என்ற இரண்டு சோதனைகளையும் எடுத்துவிடுவது. ஒன்று எவ்வளவு கேட்கிறது என்று சொல்லும், மற்றது செவிப்பறை சரியாக அசைகிறதா, பின்னால் நீர் இருக்கிறதா என்று சொல்லும். ஊசி கிடையாது, வலி கிடையாது, இரண்டும் சேர்ந்தே ஒரு மணி நேரத்துக்குள் முடியும். பல மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளில் இந்த வசதி உண்டு. அரசுப் பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் 2013 முதல் ஆர்.பி.எஸ்.கே. என்ற மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு பிள்ளைகளைப் பரிசோதிக்க வருகிறது, அவர்களிடமும் சொல்லலாம். காதில் சிக்கல் என்றால் வைத்தியம் இருக்கிறது. பலருக்குக் காத்திருப்பதே வைத்தியம். சிலருக்கு மூக்கின் பின்னால் வீங்கிய அடினாய்டு சதையை எடுக்கவோ செவிப்பறையில் சின்னக் குழாய் வைக்கவோ வேண்டிவரும்.

பிறவியிலேயே கேட்காத குழந்தைகளின் கதை வேறு, அங்கே நாள் கணக்கு முக்கியம். ஒரு மாதத்துக்குள் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி செய்வது, ஆறு மாதத்துக்குள் கருவியோ பயிற்சியோ தொடங்குவது என்பதுதான் உலகம் முழுக்கப் பின்பற்றும் கணக்கு. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் உள்காதில் கருவி பொருத்தும் காக்ளியர் அறுவை சிகிச்சையும் இருக்கிறது. குழந்தைக்குத் தேவை மொழி, அது காது வழியாகத்தான் வர வேண்டும் என்றில்லை. சின்ன வயதிலேயே சைகை மொழி முழுதாகக் கிடைத்த பிள்ளைகளுக்கு மொழி வளர்ச்சி தங்குதடை இல்லாமல் நடக்கிறது.

சரி, காது நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது அந்தச் சிவப்பு மை நோட்டு. அதைத் தூக்கிப் போடாதீர்கள், எனக்கு அது ஆடியோகிராமுக்கு அடுத்த ஆவணம்.

சொல்வதை எழுதுதலில் வரும் தப்பெல்லாம் ஒரே ஜாதி இல்லை. ‘மனம்’ என்பதை ‘மநம்’ என்று எழுதினால் அது காதின் தப்பே கிடையாது. ந, ன இரண்டையும் நம்மில் பெரும்பாலோர் ஒரே மாதிரிதான் சொல்கிறோம். ர, ற-வும் பல ஊர்களில் அப்படித்தான். நாகர்கோவில் பக்கமும் யாழ்ப்பாணத்திலும் அந்த வேறுபாடு பேச்சில் இன்னும் இருக்கிறது, மற்ற இடங்களில் பிள்ளை அதைக் கண்ணால் பார்த்து மனப்பாடம்தான் செய்ய வேண்டும். தெற்கே வாளைப்பளம் என்றும் வடக்கே வாயப்பயம் என்றும் கேட்டு வளர்ந்த பிள்ளை ழ-வில் தடுமாறுவதும் அதே கதை. காதில் விழுந்ததை நேர்மையாக எழுதியிருக்கிறது. அதற்கு முட்டி போட வைப்பது அநியாயம்.

‘பட்டம்’ என்பது ‘படம்’ ஆகிறதா, ‘பாட்டு’ என்பது ‘பட்டு’ ஆகிறதா, ‘பச்சை’ என்பது ‘பசை’ ஆகிறதா என்று பாருங்கள். வார்த்தையின் கடைசி ‘ல்’, ‘ன்’, ‘ர்’ காணாமல் போகிறதா? இவை எல்லோரும் தெளிவாக வேறுபடுத்திச் சொல்லும் ஒலிகள். இங்கே திரும்பத் திரும்பத் தப்பு வந்தால் இரண்டு காரணம் இருக்கலாம், ஒன்று சரியாகக் கேட்கவில்லை, இல்லை கேட்டதை எழுத்தாக மாற்றத் தெரியவில்லை. எது என்று வீட்டிலேயே ஓரளவு பார்த்துவிடலாம். ஒரு நோட்டால் உங்கள் வாயை மறைத்துக்கொண்டு, மூன்று நான்கு அடி தள்ளி நின்று, சாதாரணக் குரலில் இந்த ஜோடி வார்த்தைகளைக் கலந்து ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். அவன் எழுத வேண்டாம், திருப்பிச் சொன்னால் போதும். திருப்பிச் சொல்வது சரியாக இருந்து எழுதுவது மட்டும் தப்பு என்றால் சிக்கல் எழுத்தில், துணைக்காலையும் புள்ளியையும் இன்னும் கொஞ்சம் பழக்க வேண்டும். திருப்பிச் சொல்வதே தப்பு என்றால் காதுப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். சொல்வது சரியாக இருக்கிறது என்பதற்காகப் பரிசோதனையே வேண்டாம் என்றும் விட்டுவிடாதீர்கள். வீட்டு அமைதியில் பக்கத்தில் நின்று சொன்னால் லேசான குறைபாடு வெளியே தெரியாது.

தமிழில் இன்னொரு சங்கதி, இதைப் பற்றி யாரும் அதிகம் பேசிப் பார்த்ததில்லை. நம் மொழியில் முக்கியமான செய்தியெல்லாம் வார்த்தையின் வாலில் இருக்கிறது. அண்ணனை, அண்ணனுக்கு, அண்ணனிடம், அண்ணனோடு. யார் யாருக்கு என்ன செய்தார் என்பதைச் சொல்வது அந்தக் கடைசித் துண்டு. எடு, எடுக்காதே. வந்தான், வந்தானா. ஆமா இல்லையா, கேள்வியா பதிலா, நேற்றா நாளையா எல்லாம் கடைசியில்தான். ஆனால் பேசும்போது நாம் குரலை விடுவதும் அந்தக் கடைசியில்தான். களைத்துப்போன ஆசிரியர், சுழலும் மின்விசிறி, நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் முதலில் தொலைவது அந்த வால்.

இதன் விளைவு தமிழ்ப் பாடத்தில் மட்டும் தெரியாது. ‘ரவி மாலாவுக்கு 5 மிட்டாய் கொடுத்தான்’, ‘ரவி மாலாவிடம் 5 மிட்டாய் வாங்கினான்’. ரவியிடம் முதலில் 8 இருந்தது என்றால் ஒன்றில் கழித்தல், மற்றதில் கூட்டல். ‘மாலா’, ‘5’, ‘மிட்டாய்’ மூன்றும் காதில் விழுந்து வாலும் வினையும் மங்கலாகப் போன பிள்ளை, எப்போதும் கூட்டிவிடும். மிஸ் "கணக்கு வரலை" என்று எழுதுவார். கணக்கு வருகிறது, வாக்கியம்தான் வரவில்லை. அதே கணக்கை எட்டுப் புளியங்கொட்டையை வைத்துச் செய்து காட்டச் சொன்னால் சட்டென்று செய்துவிடும். இதை எத்தனையோ தடவை மேஜையில் பார்த்திருக்கிறேன்.

படிப்பதற்கும் கேட்பதற்கும் உள்ள உறவு இன்னும் ஆழமானது. 1986-ல் காஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வாசிப்பை ஒரு பெருக்கல் கணக்காகச் சொன்னார்கள். எழுத்தைக் கூட்டி வார்த்தையாக்கும் திறனையும், அந்த மொழியைக் காதால் கேட்டால் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவது வாசிப்பு. கூட்டல் இல்லை, பெருக்கல். ஒன்று பூஜ்யம் என்றால் மொத்தமும் பூஜ்யம். தமிழில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். ‘ப’, ‘க’, ‘ல்’ என்று பிள்ளை எழுத்துக் கூட்டுகிறது. தமிழ் ‘க’-வுக்கு இடத்துக்கு ஒரு உச்சரிப்பு. கண்ணில் ஒன்று, சங்கில் ஒன்று, பகலில் ஒன்று. எழுத்து அதைக் காட்டாது. முன்பே கேட்ட வார்த்தை என்றால், மூன்று எழுத்தையும் கூட்டிய நொடியில் "ஓ, பகல்!" என்று முகம் மலரும். கேட்டே இராத வார்த்தை என்றால் அது வெறும் மூன்று எழுத்துதான். பிள்ளை வாசிக்கக் கற்றுக்கொள்ளும்போது கண் தேடுவது, காது ஏற்கெனவே சேர்த்துவைத்திருப்பதைத்தான்.

வீட்டில் ‘வந்துட்டாங்க’, புத்தகத்தில் ‘வந்துவிட்டார்கள்’ என்ற பிரச்சினையும் இதோடு சேர்ந்துகொள்கிறது. நமக்கு இது சாதாரணம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் பாதி வேற்று மொழி. யாராவது புத்தகத்தை எடுத்து வாய்விட்டு வாசித்துக் காட்டிய வீட்டுப் பிள்ளைக்கு அந்த ஓசை பழக்கமாகியிருக்கும். அப்படிக் கேட்டே இராத பிள்ளை, எழுத்தையும் புது மொழிநடையையும் ஒரே நேரத்தில் கற்க வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் தொடக்க வகுப்புகளுக்காக 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பாட்டும் கதையும் நிறைய வருவதைப் பார்த்து "இது என்ன படிப்பா, விளையாட்டா" என்று சலித்துக்கொண்ட பெற்றோர்கள் உண்டு. அந்த வயதில் காதுக்கு ஊட்டுவதுதான் படிப்பு.

அதனால் ‘இவனுக்குத்தான் படிக்கத் தெரிந்துவிட்டதே, இனி நாம் ஏன் வாசித்துக் காட்ட வேண்டும்’ என்று நிறுத்திவிடாதீர்கள். சுமார் எட்டாம் வகுப்பு வரைக்கும் பிள்ளைகளால் தாமாக வாசித்துப் புரிந்துகொள்வதைவிடக் கடினமானதைக் கேட்டுப் புரிந்துகொள்ள முடியும். இரண்டாம் வகுப்புப் பையனுக்கு நான்காம் வகுப்புக் கதையை வாசித்துக் காட்டலாம். அவன் இன்னும் வாசிக்க முடியாத வாக்கியங்கள் காது வழியாக முன்கூட்டியே உள்ளே போய் உட்கார்ந்துவிடும்.

இது எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகள் வேறொரு பெண் குரலைவிடத் தாயின் குரலைக் கேட்கவே விரும்பின என்று 1980-ல் அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனை காட்டியது. எப்படித் தெரிந்தது என்றால், வாயில் வைத்த ரப்பரை ஒரு விதமாகச் சப்பினால் தாயின் குரல் ஒலிக்கும்படி ஏற்பாடு செய்திருந்தார்கள், குழந்தைகள் அப்படியே சப்பக் கற்றுக்கொண்டன. 1984-ல் ஜேனட் வெர்க்கர் என்ற உளவியலாளர் கனடாவில் வெளியிட்ட ஆய்வு நமக்கு இன்னும் சுவாரசியம். ஆங்கிலம் மட்டும் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தியின் ‘த’, ‘ட’ போன்ற இரண்டு ஒலிகளைக் கேட்கவைத்தார். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் வித்தியாசத்தைக் கண்டுபிடித்துவிட்டன. பத்து, பன்னிரண்டு மாதத்தில் பெரும்பாலானவை அந்தத் திறனை இழந்துவிட்டன. சுற்றியிருப்பவர்கள் பயன்படுத்தாத வேறுபாட்டைக் காது ஒரு வயதுக்குள்ளேயே தள்ளிவிடுகிறது. வெள்ளைக்காரர்கள் ‘தட்டு’ என்று சொல்லத் திணறுவதைப் பார்த்துச் சிரிக்கிறோமே, அந்தக் கதவு தொட்டிலிலேயே சாத்தப்பட்டுவிட்டது.

அமெரிக்காவின் சியாட்டிலில் பாட்ரிசியா கூல் என்ற ஆய்வாளர் 2003-ல் வெளியிட்ட ஆய்வைப் பெற்றோர்களுக்குச் சொல்லாமல் அனுப்புவதே இல்லை. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளோடு சீன மொழி பேசுகிறவர்கள் நேரில் உட்கார்ந்து பன்னிரண்டு முறை விளையாடினார்கள், கதை வாசித்தார்கள். அந்தக் குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. அதே ஆட்கள் பேசியதை டிவியில் பார்த்த குழந்தைகள் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. குரல் அதேதான், எதிரில் ஆள் இல்லை, அவ்வளவுதான். கைபேசியில் ரைம்ஸ் போட்டுவிட்டு "நல்லா கேட்டுட்டு இருக்கா" என்று நினைத்துக்கொள்ளும்போது இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நினைவாற்றலைப் பற்றி ஒரு வார்த்தை. "பையை எடு, தமிழ் நோட்டை வெளியே வை, 32-ம் பக்கம் திருப்பு, தேதி போடு, நேத்து எழுதினதுக்குக் கீழே கோடு போடு" என்று ஒரே மூச்சில் சொன்னால் பெரியவர்களுக்கே ஒன்று தவறும். ஒரு முறை சொன்ன எண்களை அதே வரிசையில் திருப்பிச் சொல்லச் சொன்னால், ஐந்து வயதில் சுமார் நான்கு, ஏழு வயதில் சுமார் ஐந்து எண்கள் வரை வரும். கட்டளைகள் எண்ணைவிட நீளம். பிள்ளை நோட்டை வெளியே வைத்துவிட்டு மலங்க மலங்க விழிப்பது கீழ்ப்படியாமை இல்லை, மீதி கொட்டிப்போய்விட்டது. இரண்டு இரண்டாகச் சொல்லுங்கள். மிஸ்ஸிடமும் பக்குவமாக இதைச் சொல்லலாம்.

இரைச்சல்தான் நம் ஊரில் யாரும் கணக்கில் எடுக்காத பிரச்சினை. காலி வகுப்பறையின் பின்னணிச் சத்தம் 35 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். நம்முடைய பல வகுப்பறைகளில் மின்விசிறி மட்டுமே அதைத் தாண்டும். தகரக் கூரையில் மழை பெய்தால் பாடமே நின்றுவிடுகிறது. ஒரே கூடத்தில் தடுப்பில்லாமல் இரண்டு வகுப்பு நடந்தால், இந்தப் பக்கம் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிக்க, அந்தப் பக்கம் மிஸ் கதை சொல்வார். பெரியவர்கள் இரைச்சலுக்கு நடுவே விடுபட்ட வார்த்தையை ஊகித்துக்கொள்வோம். ஊகிக்க மொழி வேண்டும், பிள்ளைகளிடம் அது இன்னும் முழுதாக இல்லை. ஆகவே அவர்களுக்கு நம்மைவிட அமைதி அதிகமாகத் தேவை.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நியூயார்க்கில் ஒரு பள்ளிக்கூடம் காட்டியது. அதன் ஒரு பக்கத்து வகுப்புகள் உயரப் பாலத்தில் ஓடும் ரயிலைப் பார்த்தபடி இருந்தன. சில நிமிடங்களுக்கு ஒரு ரயில், ஒவ்வொரு தடவையும் ஆசிரியர் பேச்சை நிறுத்த வேண்டும். ஆர்லின் பிரான்ஸாஃப்ட் என்ற உளவியலாளர் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளின் வாசிப்பையும் ஒப்பிட்டு 1975-ல் வெளியிட்டார். ஆறாம் வகுப்புக்கு வரும்போது ரயில் பக்கத்துப் பிள்ளைகள் அமைதியான பக்கத்துப் பிள்ளைகளைவிட ஏறக்குறைய ஒரு வருடம் பின்தங்கியிருந்தார்கள். அதே பள்ளி, அதே பாடம், தாழ்வாரத்தின் எந்தப் பக்கம் என்பது மட்டும்தான் வித்தியாசம். பிறகு தண்டவாளத்தில் ரப்பர் வைத்தார்கள், வகுப்பின் கூரையில் சத்தத்தை உறிஞ்சும் பலகை அடித்தார்கள். மறுபடி அளந்தபோது, 1981-ல் வெளியான முடிவில், அந்த இடைவெளி காணாமல் போயிருந்தது. பிள்ளைகளை யாரும் திருத்தவில்லை, ரயிலைத்தான் திருத்தினார்கள்.

உங்களால் பள்ளிக்கூடத்துக்குக் கூரை மாற்ற முடியாது. முன்வரிசையில், ஜன்னலுக்கும் மின்விசிறிக்கும் தள்ளி உட்கார வைக்கச் சொல்லிக் கேட்கலாம். வீட்டில் யாரும் பார்க்காமல் ஓடிக்கொண்டிருக்கும் டிவியை அணைக்கலாம். அது ஓடும்போது பெரியவர்கள் பிள்ளையிடம் பேசுவதே குறைந்துவிடுகிறது.

வீட்டில் என்ன செய்யலாம் என்று கேட்டால், ஒர்க்‌ஷீட் எதுவும் நான் தரமாட்டேன். எங்கள் பாட்டி கதை சொல்லும்போது நாங்கள் ‘உம்’ கொட்ட வேண்டும். உம் நின்றால் கதை நின்றுவிடும். "தூங்கிட்டியா? நரி எங்க போச்சு சொல்லு" என்பார். இதைவிட நல்ல கேட்கும் பயிற்சியை நான் படித்த படிப்பில் சொல்லித்தரவில்லை. பிள்ளை கேட்கிறதா என்று அடிக்கு ஒரு தடவை சரிபார்ப்பு, விட்ட இடத்திலிருந்து திரும்ப எடுப்பது, அடுத்து என்ன ஆகும் என்ற தவிப்பு எல்லாம் அதில் இருக்கிறது. கதையைச் சில நேரம் வேண்டுமென்றே தப்பாகச் சொல்லுங்கள், "நரி மரத்து மேல உக்காந்துச்சு, காக்கா கீழ நின்னுச்சு" என்று. "இல்லம்மா!" என்று கத்திக்கொண்டு எழுந்து உட்காருவான். அவன் வார்த்தைக்கு வார்த்தை கேட்டிருக்கிறான் என்று அர்த்தம். விடுகதை, கைதட்டுப் பாட்டு, கடைசி எழுத்தில் அடுத்த வார்த்தை சொல்லும் விளையாட்டு எல்லாம் இதே வேலையைத்தான் செய்கின்றன. கடைக்கு அனுப்பும்போது சீட்டு எழுதாமல் மூன்று பொருளை வாயால் சொல்லி அனுப்புங்கள். ஒன்றை மறந்துவிட்டு வந்தால் திட்டாதீர்கள், திரும்பிப் போய் வாங்கிவரட்டும்.

கடைசியாக, அவன் பேசும்போது நீங்கள் கேட்பது. 1995-ல் அமெரிக்காவில் 42 குடும்பங்களைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு, வசதியான வீட்டுப் பிள்ளைகளும் ஏழை வீட்டுப் பிள்ளைகளும் நான்கு வயதுக்குள் கேட்கும் சொற்களில் 3 கோடி வித்தியாசம் என்று சொல்லி உலகம் முழுக்கப் பேசப்பட்டது. எனக்கு அந்தக் கணக்கில் முழு நம்பிக்கை கிடையாது. ஆட்கள் குறைவு, ஏழைத் தாய்மார்கள்மேல் பழி போடுவதற்கும் அது வசதியாகிவிட்டது. 2018-ல் வந்த ஒரு மூளை ஆய்வு சொன்னது நான் பார்ப்பதோடு ஒத்துப்போகிறது. எத்தனை சொல் காதில் விழுந்தது என்பதைவிட, பிள்ளையும் பெரியவரும் எத்தனை முறை மாறி மாறிப் பேசிக்கொண்டார்கள் என்பதுதான் மொழித் திறனோடு நெருக்கமாக இருந்தது. அதற்குப் பணம் வேண்டாம். வெங்காயம் உரித்துக்கொண்டே "அப்புறம் என்னாச்சு?" என்று கேட்டால் போதும், அவன் பதில் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் இருந்தால் போதும். இரண்டாவதுதான் நமக்குக் கஷ்டம். "சரி சரி, சாப்பிடு" என்று பாதியில் வெட்டப்படும் பிள்ளை, நாம் பேசும்போது கடைசிவரை கேட்கும் என்று எதிர்பார்ப்பதில் நியாயம் இல்லை.

காதும் சரி, மொழியும் சரி, வீடு அமைதி, அப்படியும் கூப்பிட்டால் திரும்புவதே இல்லை, கண்ணைப் பார்ப்பதில்லை, ஒரு வேலையில் இரண்டு நிமிடம் நிற்பதில்லை என்றால் குழந்தைகள் மருத்துவரிடம் கவனக்குறைபாடு, ஆட்டிசம் பற்றியும் கேளுங்கள். அது தனியாக எழுத வேண்டிய சமாச்சாரம்.

முதலில் சொன்ன அந்தப் பெண்ணுக்குச் சில மாதத்தில் காது சரியானது. மறுநாளே முழு மார்க் வரவில்லை. கேட்காமல் போன வருடத்தின் வார்த்தைகளைத் திரும்பச் சேர்க்க அடுத்த கோடை விடுமுறை வரை ஆனது. அவள் அம்மாவுக்கு நான் கொடுத்த வீட்டுப்பாடம் ஒன்றே ஒன்று, தினமும் ராத்திரி ஒரு கதை, உம் கொட்ட வைத்து. நீங்கள் பரிசோதனைக்குப் போகும்போது பையனின் சொல்வதை எழுதுதல் நோட்டையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். சளி இருக்கும் நாளில் ஒரு தடவை, சளி இல்லாத நாளில் ஒரு தடவை என்று இரண்டு முறை பார்த்துவிட்டால் இன்னும் நல்லது.